கிளட்ச் கால்

ராத்திரி இரண்டு இருபதுக்கு
கெண்டைக்காலுக்குள் யாரோ
ஈரத்துணி பிழிகிறார்கள்.

கொரக்களி.
பல்லைக் கடித்துக்கொண்டு
பெயரைச் சொல்லிப் பார்க்கிறேன்.
போகவில்லை.
தோலுக்கடியில் மாங்கொட்டையாய்த்
திரண்டு நிற்கிறது.

வலது கால் சாது.
இடதுதான்
தருமபுரியிலிருந்து பென்னாகரம்,
பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல்,
மறுபடி அத்தனையும் திரும்பி.
ஒரு நடைக்கு எத்தனை மிதி என்று
கண்டக்டர் முனிரத்தினம் ஒருநாள் எண்ணினான்.
இண்டூருக்குள் நூற்றுப் பதினொன்று.
அப்புறம் சந்தைக் கூட்டம் ஏறியது,
விட்டுவிட்டான்.

பாயில் நீட்டிப் படுத்தாலும்
அந்தக் காலுக்கு மட்டும்
டூட்டி முடியவில்லை.
தூக்கத்தில் ஒரு வளைவு வருகிறது.
மிதிக்கிறது.

டெப்போவில் எல்லாரும் வைத்தியர்கள்.
கால்சியம் போடு என்றான் ஒருவன்.
சத்து மாத்திரை, சிவப்பு நிறத்தில் இருக்கும், அது.
வாழைப்பழம்.
உப்புப் போட்ட மோர்.
கறுப்புக் கயிறு கட்டு, இடது காலில், சனிக்கிழமை.
கட்டினேன்.
கயிற்றுக்கு மேலே நாலு விரற்கடை தள்ளிப்
பிடித்தது.

ரிட்டயர் ஆன செக்கிங் ஐயா
காதோரம் வந்து சொன்னார்:
க்வினைன்.
அந்தக் காலத்து மலேரியா மாத்திரை,
நாக்கில் பட்டால் மூணு நாள் கசக்கும்,
ஒண்ணே ஒண்ணு, படுக்கும்போது.

நாலு ரோட்டு மெடிக்கலில் கோகிலவாணி
கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு பார்த்தாள்.
"கால் பிடிக்கு அதையெல்லாம் இப்ப தர்றதில்லண்ணா.
ரத்தத்தையும் கெடுக்கும்,
நெஞ்சுத் துடிப்பையும் கெடுக்கும்.
தூங்க வேண்டியதுதான், அதுக்காக
ஒரேயடியாவா?"

மெக்னீசியம்?
"இருக்கு. சிலர் கேக்குதுங்கறாங்க,
சிலர் திருப்பிக் கொண்டாந்து திட்டறாங்க.
எனக்குத் தெரிஞ்சு
வயித்துக்குத்தான் நல்லா கேக்குது."
சிரித்தாள்.
வாங்கினேன்.
அவள் சொன்னது சரி,
காலையில் வயிறு மட்டும் கேட்டது.

டாக்டர் தில்ஷாத் என் பிளாஸ்டிக் பையை
மேஜையில் கொட்டச் சொன்னார்.
பதினோரு மாதத்து அட்டைகள்.
சீட்டு விளையாடுகிறவர் மாதிரி தள்ளித் தள்ளி
ஒன்றைப் பிடித்தார்.
"இது எப்ப ஆரம்பிச்சது?"
பிரஷருக்கு, தைக்கு அப்புறம்.
"கால் பிடி?"
வாயைத் திறந்தேன்.
மூடினேன்.
மாசியிலிருந்து.

"நீரைப் பிரிக்கிற மாத்திரை. உப்பும் கூடப் போகும்.
வண்டியில தண்ணி குடிக்கறீங்களா?"
குடித்தால் எங்கே நிறுத்துவது?
அறுபது பேர் உள்ளே,
மலைப்பாதை வெளியே.
ஒரு பாட்டிலை
மூன்று நடைக்கு வைத்திருக்கிறேன்.

ரத்தம் எடுத்தார்.
ரெண்டு நாள் கழித்து அந்த அட்டையை எடுத்துவிட்டு
வேறு எழுதினார்.
"நீங்களா எதையும் நிறுத்தக் கூடாது,
நீங்களா எதையும் சேர்க்கவும் கூடாது.
படுக்கறதுக்கு முன்னாடி
சுவத்துல கை ஊனி, குதிகாலை எடுக்காம
முன்னால சாயுங்க."

மருந்து கேட்டுப் போய்
ஒன்றைக் குறைத்துக்கொண்டு வந்தேன்.
இருநூறு ரூபாய் ஃபீசுக்கு
ஒரு ஊசிகூட இல்லையா என்று
சாலா மூன்று நாள் புலம்பினாள்.

வாரத்துக்கு ஐந்து ராத்திரி வந்தது
இப்போது ஒன்று, சில வாரம் இரண்டு.
போய்விட்டது என்று சொல்ல மாட்டேன்.

நேற்று வந்தது.
எழுந்து சுவரில் கை வைத்துச் சாய்ந்தேன்,
தொப்பூர் ஏற்றத்தில் நின்றுபோன வண்டியைத்
தள்ளுகிறவன் மாதிரி.
இருட்டில் பாயிலிருந்து குரல்:
"ஸ்டார்ட் ஆச்சா?"
இன்னும் இல்லை என்றேன்.

வளையல் சத்தம்.
பக்கத்தில் வந்து
அவளும் சுவரில் கை ஊன்றினாள்.
குதிகால் தரையில்,
நான் சொல்லித் தராமலே சரியாக.

காலை ஒன்பதரையிலிருந்து ராத்திரி ஒன்பது வரை
ஜவுளிக்கடையில் நிற்கிறவள்.
நாற்காலி கிடையாது,
ஆள் இல்லாத நேரத்திலும்.

உனக்குமா?

"போன ஆடியிலிருந்து."

எந்தக் கால் என்று கேட்டேன்.

ரெண்டும் என்றாள்.