ஒரு மீட்டர் உயரம்

ஆறு முகம், எட்டு மூலை, பன்னிரண்டு விளிம்பு.
ஒரு போனை இருபத்தாறு முறை
கீழே போட வேண்டும்.
அதற்குத்தான் சம்பளம்.

சூளகிரி தாண்டிய கண்ணாடிக் கட்டடம்,
நீலத் தொப்பி, வெள்ளைச் செருப்பு.
கீழே கிடப்பது பர்கூர்க் கல்,
பாலீஷ் போட்ட கறுப்பு.
மெஷின் தன் பிடியைத் திறக்கும்.
டொக்.
திரை எரிகிறதா பார்.
எரிகிறது. டிக்.

பயிற்சியின் முதல் நாள்
போர்டில் அந்த ஆங்கில வினையை எழுதி
தமிழில் சொல்லுங்க என்றார் ட்ரெய்னர்.
விழு, என்றாள் ஒருத்தி.
அது தானா விழுறது சார், என்றேன்,
இது நாம விழ வைக்கிறது.
முனிரத்னா தெலுங்கில் ஏதோ சொல்லிச் சிரித்தாள்.
கடைசியில் ட்ராப் என்றே எழுதினார்,
தமிழ் எழுத்தில்,
கடைசி எழுத்துக்குப் புள்ளி வைக்க மறந்து.

அன்றிலிருந்து
அந்தச் சொல் என் பின்னாலேயே வருகிறது.

ராயக்கோட்டை மண்டியில் விலை ட்ராப்.
க்ரேட் எழுபது ரூபாய்க்குக் கேட்கிறான் என்று
மாமா ஏற்றிய வண்டியைத் திருப்பி
ஏரிக்கரையில் கொட்டிவிட்டு வந்தார்.
தக்காளியை இரண்டாம் முறை போட்டுப் பார்க்க
எதுவும் மிஞ்சுவதில்லை.
தம்பி பாலிடெக்னிக்கில் ட்ராப்.
கேட்டால் டிஸ்கன்டினியூ என்று
இன்னும் நீளமாகச் சொல்கிறான்.

வேன் ஓட்டும் நஞ்சுண்டனுக்கும் அதே சொல்.
"பாலத்துக்கிட்ட ட்ராப், ஓகேவா?"
கேட்பது மாதிரி இருக்கும். கேள்வி இல்லை.
ஆறு கிலோமீட்டர் டீசல் அவனுக்கு மிச்சம்.
ராத்திரி ஒன்றே முக்கால், பனி,
சர்வீஸ் ரோட்டில் ஆறு பெண்கள்.
பெங்களூர் போகும் கன்டெய்னர் ஒவ்வொன்றும்
எங்கள் துப்பட்டாவை
ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுப் போகும்.

மார்கழியில்
மூடி இல்லாத சாக்கடைக்குள் விழுந்தாள் முனிரத்னா.
எவ்வளவு ஆழம் என்று எனக்குத் தெரியும்,
கண்ணாலேயே அளப்பேன்.
ஒரு மீட்டர்.
ஒரே முறை.
கணுக்கால் இரண்டு இடத்தில்.
அவள் கையிலிருந்த போன் எரிந்துகொண்டுதான் இருந்தது,
அந்த வெளிச்சத்தில்தான் தூக்கினோம்.

எழுதிக் கொடுத்தோம். ஆறு கையெழுத்து.
ஆறாவது கட்டிலில் படுத்தபடி போட்டது,
கோணல்.

நேற்று ஏஜென்ட் வந்தார்,
ஒரு டஜன் மஞ்சள் பழம், ஒரு கவர்.
"கம்ப்ளெய்ன்டை ட்ராப் பண்ணிடும்மா.
நஞ்சுண்டனுக்கும் புள்ளகுட்டி இருக்குது."

இருக்கிறது.
மகளுக்கு மொட்டை போட்ட படத்தை
எங்களுக்கும்தான் காட்டினான்.

இறக்கிவிடு, நழுவவிடு, கைவிடு,
பாதியில் விடு, போய்த்தொலையட்டும் விடு.
தேடிப் பார்த்தால் எல்லாவற்றின் வாலிலும்
ஒரு விடு.
ட்ரெய்னர் கேட்ட அன்று
இது எனக்குத் தோன்றவில்லை.

நான் யோசித்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு
பேனா மூடியைக் கழற்றினார்.

அண்ணா,
நாளெல்லாம் கீழே போடுகிறவள் நான்.
எதைப் போட்டால் எரியும்,
எதைப் போட்டால் எரியாது என்று
கொஞ்சம் தெரியும்.
இதைப் போட மாட்டேன்.

கவரை எடுத்துக்கொண்டு போனார்.
பழத்தை மறந்துவிட்டார், அல்லது விட்டுவிட்டார்.
முனிரத்னா ஒன்றை உரித்தாள்.
"பழம் என்னா பண்ணுச்சு?"

நாளைக்கு நாலு மணி ஷிப்ட்.
வேன் வருமா, தெரியாது.