பதிவேட்டில் உறங்குபவன்

காந்தம் சிறியது, தீப்பெட்டி அளவு.
போன்செவ் அதை மிட்டாய் டப்பாவில் போட்டுக் கொடுத்தார்,
விசேஷ வீட்டில் கொடுப்பதுபோல,
கதவைச் சாத்திவிட்டு.
கியர்பெட்டிக்கு அடியில் ஒட்டினால் போதும்.
வண்டி ஓடும். ஓடுவது கருவிக்குத் தெரியாது.
பிரேக்கும் பாதித் தூக்கத்துக்குப் போய்விடும்,
அதை அவர் சொல்லவில்லை.

மணி இரண்டே கால். நிஷ் தாண்டியாயிற்று.
முதுகுக்குப் பின்னால் இருபது டன் உறைந்த கோழி.
வேகமானியின் முள் பூஜ்ஜியத்தில் சாய்ந்து கிடக்கிறது.
பதிவின்படி நான் தூங்குகிறேன்.
ஒன்பது மணி நேர ஓய்வில் இது ஐந்தாவது மணி.
திரைச்சீலையை இழுத்துவிட்டு, காலணி கழற்றி,
வாய் லேசாகத் திறந்தபடி
அங்கே படுத்திருக்கிறான் ஒருவன்.
அவன்மேல் எனக்குப் பொறாமை.
எழுப்பிவிடக் கூடாதே என்று
ஹாரன்கூட அடிக்காமல் ஓட்டுகிறேன்.

'ஒக்னியான், எங்கே?' ஸ்னெஷானாவின் செய்தி. கூடவே ஒரு சிரித்த முகம்.
'ஒக்னியான், ஷ்டுட்கார்ட்டில் காத்திருக்கிறார்கள்.'
இம்முறை முகம் இல்லை.
ஒரு மணி தாமதத்துக்கு எண்பது யூரோ பிடிப்பார்கள்.
அவளையும் யாரோ தூங்கவிடவில்லை;
பேசும்போது பின்னால் ஒரு குழந்தை இருமும்.

ஜன்னலைத் திறக்கிறேன். கன்னத்தில் அறைந்துகொள்கிறேன்.
சூரியகாந்தி விதையைக் கடித்துக் கடித்து
நாக்கு உப்பில் வெந்துவிட்டது.

த்ஸ்வெத்கோ போன நவம்பரில்
செகெத் பக்கம், வளைவே இல்லாத சாலையில்,
பாலத்தூணில் மோதினான்.
தாளை உருவிப் பார்த்தார்கள்:
இறக்கும்போது அவன் ஓய்வில் இருந்தானாம்.
ஓய்வில் இருப்பவன் தொண்ணூறில் எப்படி மோதுவான்?
கேட்கத்தான் செய்தார்கள்.
காந்தம் அவனுடைய சொந்தக் காந்தம் என்றார் போன்செவ்.
ரலிட்சாவுக்கு வந்த அட்டைப்பெட்டியில்
ஒரு ஜோடிச் செருப்பு,
பாதி தீர்ந்த விதைப் பொட்டலம்.

எங்கள் நாட்டில்
தலையைப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆமாம்.
மேலும் கீழும் அசைத்தால் இல்லை.
வெளியூர்க்காரர்கள் குழம்பிப்போவார்கள்,
காபி வேண்டாமென்றால் இரண்டு கோப்பை வைப்பார்கள்.
போன்செவின் மேசைக்கு முன்னால்
பதினோரு வருடமாகப் பக்கவாட்டில்தான் ஆட்டியிருக்கிறேன்.

இப்போது கழுத்து தானாக மடங்குகிறது.
கீழே.
ஓரக்கோடு டயருக்கடியில் உறுமுகிறது.
மேலே.
மறுபடி கீழே.
இல்லை, இல்லை என்கிறது தலை,
என்னைக் கேட்காமலே.

அலைபேசி அடிக்கிறது.
'பெல்கிரேடில் நிற்காமல் போய்விடுவாய்தானே?'
தலை இன்னொரு முறை விழுந்து எழுந்தது.
பிசகில்லாத, எங்கள் ஊர் இல்லை.
அலைபேசி குரலை மட்டுந்தான் கொண்டுபோகும்.
சரி, என்றது குரல்.

பதிவேட்டில் அவன்
மறுபக்கம் திரும்பிப் படுத்தான்.