அடுக்களையில் ஆறு ரௌட்டர்கள்

ரெலாவ் அடுக்குமாடியில் பதினோராவது மாடி.
அரிசி டின்னுக்கும் கேஸ் தோம்புக்கும் நடுவே
இரும்பு ரேக்கில் ஆறு ரௌட்டர்கள்.
மூடிப்போன ஏதோ வங்கியிலிருந்து
கிலோக் கணக்கில் அள்ளி வந்தவன்
எனக்கு ஒவ்வொன்றாய் விலை பேசி விற்றான்.
இரவெல்லாம் இரைச்சல், அனல்.
தோசை மாவு மூன்றே மணி நேரத்தில் பொங்கி வழிந்தது.
‘இதுக்காச்சும் உதவுதே’ என்றார் தேவேந்திரன்,
கேலியாகத்தான்;
மின்கட்டண பில்லை மட்டும் மடித்து
என் லேப்டாப்பின் மேல் வைத்துவிட்டுப் போனார்.

செலவு நோட்டு இன்னும் இருக்கிறது.
தேர்வுக் கட்டணம் ஏழாயிரத்துச் சொச்சம் ரிங்கிட்.
பெங்களூருக்கு விமானம், இரண்டு இரவு விடுதி.
பயிற்சி வகுப்பு:
எதிரே தொகை எழுதாமல் விட்டிருக்கிறேன்.
கூட்டுச் சீட்டை முன்கூட்டியே எடுத்தேன்.
மீதிக்கு, ஜெலுத்தோங் அடகுக்கடையில்
கல்யாண வளையல் ஒரு ஜோடி.
அடகுச் சீட்டுக்கு ஆயுள் ஆறு மாதம்,
சான்றிதழுக்கு மூன்று வருடம்.
இரண்டையும் காசு கட்டித்தான் புதுப்பிக்க வேண்டும்.
ஒன்றில் மட்டும் கடைசியில் தங்கம் கிடைக்கும்.

எட்டு மணி நேரத் தேர்வு.
ஏழாவது வரை கை நடுங்கவில்லை.
எட்டாவதில் ஒரு கருவியை அணைத்து எழுப்பினேன்,
எழுதியதைச் சேமிக்காமல்.
அது ஒன்றுமே தெரியாத குழந்தையாய்க் கண் விழித்து
என் பெயர் என்ன என்று என்னையே கேட்டது.
தேர்வாளர் எழுந்து வந்து
தண்ணீர்ப் போத்தலை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.
அந்த ஏழாயிரத்தில்
எனக்கு நினைவிருக்கும் உபசாரம் அது.

‘அவ்வளவு காசுக்கு ஒரு தாள்கூடத் தரலையா?’
என் நாத்தனார் கோமளா.
தருவதில்லை.

பூன் கியாட் என்னோடு படித்தவன், தேறிவிட்டான்.
கோலாலம்பூரில் வேலை, சம்பளம் ஒன்றரை மடங்கு.
நேர்முகத்தில் மூன்றே கேள்விதானாம்.
முதல் கேள்வி, ‘உன் எண் என்ன?’
மற்ற இரண்டும் எப்போது சேருகிறாய் என்பது பற்றி.
நான் போன நேர்முகத்தில் நாற்பது கேள்வி.

போன மாதம், அதிகாலை இரண்டு மணிக்கு
பிறைக்கும் பாயான் லெப்பாஸுக்கும் நடுவே தொடர்பு செத்தது.
கடலடி கேபிளாக இருக்கும் என்றார் மேலாளர்.
பார்த்தேன்.
பிறை சொன்னது: பாயான் லெப்பாஸைக் கேள்.
பாயான் லெப்பாஸ் சொன்னது: பிறையைக் கேள்.
சரியான அரசாங்க அலுவலகம்.
நான்கு நிமிடத்தில் முடிச்சு அவிழ்ந்தது.
‘எப்படிக்கா தெரிஞ்சுது?’ என்றான் தமிழ் கற்ற ஃபைசால்.
இதே தப்பை என் அடுக்களையில்
முந்நூறு தடவை நானே செய்திருக்கிறேன்
என்று சொல்லவில்லை.

கட்டணம் கட்டாமல் இருந்திருந்தால்
அந்த முந்நூறு தடவை இருந்திருக்குமா?
பொய் சொல்ல மாட்டேன். இருந்திருக்காது.
ஆர்வத்தில் படித்தது இருபது நாள்.
பிறகு படித்ததெல்லாம் வளையல் போன பயத்தில்.

ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் தலையெழுத்து உண்டு.
பேச்சுக்குச் சொல்லவில்லை,
நிஜமாகவே அதன் தலையில் எழுதியிருக்கும்
இன்னும் எத்தனை வாசல் தாண்டலாம் என்று.
வாசலுக்கு ஒன்றாய்க் குறையும்.
பூஜ்யமானால் நின்ற இடத்திலேயே சாவு,
அனுப்பியவருக்கு ஒரு வரித் தகவல்.
எனக்கு முப்பத்தொன்பது முடிகிறது.

அடகுச் சீட்டுக்கு இன்னும் பதினொரு நாள்.
மறுதேர்வுக்கு மார்ச்சில் ஓர் இடம் காலி,
பக்கம் திறந்தே கிடக்கிறது.
நான்கு ரௌட்டர்களை அணைத்தேன்.
காதில் திடீரென்று
கீழ்த்தளத்து மோட்டார்சைக்கிள், யாரோ இருமும் சத்தம்.
இரண்டு ஓடட்டும்.
நாளைக்கு மாவு பொங்க வேண்டும்.