இடக்கைக்கு மட்டும்

கிண்ணியா பஸ்ஸில்
ஈரச்சாக்கை மடியில் வைத்துக்கொண்டு
வந்து இறங்கினாள் ஜெஸீமா.
"மூன்று கிலோ கஞ்சிப்பாசி. மண்ணை நல்லா அலசுங்க.
நண்டுக்குஞ்சு கிடந்தா அதுக்குக் காசு வேணாம்."

ஏழு தண்ணீர் மாற்றினேன்.
ஏழாவதிலும் ஒன்று
பக்கவாட்டில் நடந்து போனது.

ஐம்பத்தேழு வயது எனக்கு.
ஆனி மாதத்துக் கச்சான் காற்று
பாலையூற்றில் கொடிச்சேலையை
அரைமணியில் அப்பளமாக்கிவிடும்.
என்னையும் அது ஒரு சேலை என்றுதான் நினைக்கிறது.
முழங்கைக்குக் கீழே நகத்தால் இழுத்தால்
வெள்ளையாய் ஒரு கோடு விழும்.
சிலேட்டும் நான், குச்சியும் நான்.

பாசி கொதித்தபோது
முதலில் கடல் மணந்தது,
பிறகு கஞ்சி மணந்தது,
பிறகு ஒன்றுமே மணக்கவில்லை.
வடிதுணியில் பிழிய
விரலுக்கும் விரலுக்கும் நடுவே
ஒரு கண்ணாடி நூல் நீண்டு,
அறுவதா வேண்டாமா என்று யோசித்தது.
தேங்காயெண்ணெய் இரண்டு கரண்டி,
தேன்மெழுகு சுண்டுவிரல் நுனியளவு.

(இதற்கு முன்
பாரைத்தோலில் கொலாஜன் எடுக்கிறேன் என்று
வினாகிரியில் ஊறப்போட்டேன்.
மூன்றாம் நாள் வாசலில்
ஐந்து பூனைகளும் பக்கத்துவீட்டு பெர்னதெத்தும்.
பூனைகளுக்கு மட்டும்தான் சந்தோஷம்.)

"பூசினாப் பதினாறாகிடுவியோ?"
கொட்பே துறைமுகத்தில்
ஐஸ் கணக்கு எழுதுகிற என் மனிதர் கேட்டார்.
இல்லை, ஐம்பத்தேழாகவே இருப்பேன்.
அரிப்பில்லாமல்.

இடக்கைக்கு மட்டும் பூசுவது,
வலக்கைக்குக் காற்று மட்டும்:
இருபத்தெட்டு நாளைக்கு இதுதான் சட்டம்.
நாட்காட்டிக் கட்டத்தில் ஒவ்வொரு இரவும்
பென்சிலால் 'இடக்கை' என்று எழுதினேன்.

ஒன்பதாம் நாள் மின்சாரம் போனது.
இருட்டில் சும்மா இருக்க முடியாத மனிதர்
என் வலக்கையில் நகத்தால் கணக்கெழுதினார்:
ஐஸ் பார் நாற்பது, கடன் பன்னிரண்டு.
மெழுகுதிரி கொளுத்திப் பார்த்தால்
எல்லாம் வாசிக்கத் தெளிவாய் இருந்தது.
இடக்கையில் எழுதப் போனார்.
நகம் வழுக்கிக்கொண்டு போனது.
"மை முடிஞ்சு போச்சு" என்றார்,
கொஞ்சம் ஏமாற்றமாக.

அவ்வளவுதான் அது செய்கிறது.
குளித்த தண்ணீரை
உடனே ஓடவிடாமல் மறித்து வைக்கிறது.
கறுப்புப் புள்ளிகள் இருந்த இடத்தில் இருக்கின்றன.
மணிக்கட்டில் தோல்
இன்னும் அளவு தவறிய சட்டைக்கை.
உப்புவெளி வெயிலுக்கு இப்போதும் குடைதான்.
பதினேழாம் நாள் இரண்டாவது போத்தலில்
பச்சைப் பூஞ்சணம் பூத்தது;
அதையும் எழுதி வைத்தேன்.
பிறகு காய்ச்சினதை எல்லாம் பிரிட்ஜில்,
மீன்குழம்புக்குப் பக்கத்தில்.

இருபத்து மூன்றாம் நாள் ஜெஸீமா வந்தாள்.
சாக்கைத் தரும்போது கையைப் பார்த்தேன்.
விரல் மடிப்புகள் எல்லாம் வெடித்து,
வெடிப்புக்குள் உப்பு,
உப்புக்கு அடியில் சிவப்பு.
விடியற்காலையிலிருந்து இடுப்புத் தண்ணீரில் நின்று
இதே பாசியைப் பிடுங்கிய கை.

"கொஞ்சம் காட்டும்" என்றேன்.
ஒரு கையால் இன்னொருத்தியின் கைக்குப் பூச முடியாது.
செய்து பாருங்கள்.
என் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில்
அவளுடைய ஒவ்வொரு விரலாக உருண்டது.
முதலில் எரிந்தது, பல்லைக் கடித்தாள்.
பிறகு மூக்கருகே கொண்டுபோய்,
"நான் தந்த பாசியா இது?
மணமே இல்லையே" என்றாள்.
மிச்சத்தை வீணாக்க மனமில்லாமல்
யோசிக்காமலே
என் வலது முழங்கை வரை இழுத்துவிட்டேன்.

சோதனை பாழ்.
கட்டத்தில் 'இடக்கை' என்று தொடங்கி
அழித்து
'நான்கு கை' என்று எழுதினேன்.

ஜெஸீமா காசை எண்ணினாள்.
தாள்கள் விரலில் நிற்கவில்லை.
மூன்று தரம் எண்ணி
மூன்று தரமும் வேறு வேறு தொகை.
"பாருங்க, காசு வழுக்குது,
இனி கிலோவுக்கு இருபது ரூபா
கூட்டித் தாங்க" என்றாள்,
சிரிக்காமல்.