பொருள் எண் ஏழு

இருபதாவது கொண்டை ஊசி வளைவில்
காது அடைத்துத் திறந்தது.
இயக்குநர் குழுவை ஏற்காட்டில் கூட்டலாம் என்றவர்
தலைவர் செங்கோடன்.
இயற்கை பற்றிய அறிக்கை, இயற்கைக்கு நடுவிலேயே
என்று சிரித்தார்.
நான் அதைக் குறிப்பில் எழுதவில்லை.

கம்பெனிச் செயலாளர் நான்.
பேசியதை அல்ல, முடிவானதை எழுதுவது வேலை.
பதினாறு வருடத்தில் அதிகம் எழுதியது
"கவனத்தில் கொள்ளப்பட்டது."

பொருள் எண் ஆறு, கடன் வரம்பு: ஒன்றரை மணி நேரம்.
பொருள் எண் எட்டு மதிய உணவு,
அச்சிடாவிட்டாலும் எல்லோருக்கும் தெரியும்.
இடையில் பதினைந்து நிமிடம்
மழைக்கும் ஓடைக்கும் தேனீக்கும் சேர்த்து.

பெங்களூரிலிருந்து அஷ்வத் வந்திருந்தான்.
திரையில் பச்சை, இளம்பச்சை, இன்னொரு பச்சை.
ஒரு மலை அணில், எங்கள் மலையினுடையது அல்ல.
"நிலத்தடி நீர்: குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை.
பக்கம் நாற்பத்து மூன்று."
தட்டுவடை செட் வந்தது.
யாரோ பீட்ரூட் துருவலை அறிக்கையின் அட்டையில் சிந்தினார்.

பத்மாசினி மேடம் மட்டும் கண்ணாடியைக் கழற்றவில்லை.
வங்கியில் முப்பத்தொரு வருடம்,
பாதி வருடங்கள் ஆத்தூர்க் கிளையில்
மரவள்ளிக் கடன் கொடுத்தும் வசூலித்தும்.
"யார் அளந்தது?"
"மாடல் வச்சு மதிப்பிட்டது மேடம்."
"எந்த மாசத்துக் கணக்கு?"
"நவம்பர்."
"நவம்பர்ல என் கிணறும் பணக்காரன்தான் தம்பி."

தினமும் அளக்கிற ஆள் நம்மிடம் உண்டா?
தலைவர் என்னைப் பார்த்தார்.
நான் ஜன்னலைப் பார்த்தேன்.
பனி ஏரியை எடுத்துக்கொண்டு போயிருந்தது.

இருந்தது ஒரு நோட்டு.
வாழப்பாடி ஆலை, பம்ப் அறை,
காலண்டர் தாளில் அட்டை போட்டு
மேலே ஜவ்வரிசி மாவு படிந்து.
போன வருடமே பார்த்தேன்.
யாரும் கேட்கவில்லை;
கேட்காததற்குப் பதில் சொல்லும் வழக்கம்
என் பதவிக்கு இல்லை.
இதைக் குறிப்பில் அல்ல, இங்கேதான் எழுத முடியும்.

பால்கனி வரை போனால்தான் சிக்னல்.
ஸ்பீக்கரில் போட்டேன்.
கிழங்கு அரைக்கும் இரைச்சலுக்கு மேலே
மாதையன் படித்தார்,
ரேஷன் கடையில் பெயர் கூப்பிடுகிற குரலில்:
"மூணாம் நம்பர் போர்.
தை மாசம் நானூத்திப் பத்து அடி.
மாசி நானூத்தி அறுவது.
பங்குனி ஐந்நூத்தி நாப்பது.
சித்திரை..."
"சித்திரை?"
"கயிறு எட்டலைங்க. கோடு போட்டிருக்கேன்."

"இதை யார்கிட்ட குடுப்பீங்க?"
"யாரும் கேட்டதில்லைங்க.
நோட்டு தீந்தா அடுத்த நோட்டு."

தலைவர் கெட்டவர் இல்லை.
அவர் தென்னந்தோப்பும் அந்த ஊரில்தான்,
போன கோடையில் டேங்கர் வாங்கினார்.
ஆனாலும் சொன்னார்:
"கவனத்தில் கொள்ளப்பட்டதுன்னு போட்டுக்கம்மா,
சாப்பாடு ஆறுது."

"வாராக் கடனைக் கவனத்தில் கொண்டா
வந்துடுமா?" என்றார் பத்மாசினி.
"நாற்பத்து மூணாம் பக்கம் மாறாம
என் ஒப்புதல் இல்லை."

அன்று பொருள் எண் ஏழு
ஐம்பத்திரண்டு நிமிடம்.
குருமாவை இரண்டு முறை சூடு செய்தார்கள்.

வரைவுக் குறிப்பை அனுப்பினேன்.
திருத்தங்கள் வந்தபடி இருக்கின்றன.
மாதையன் என்ற பெயர் எதற்கு,
"ஊழியர் ஒருவர்" போதுமே என்று ஒருவர்.
"கயிறு எட்டவில்லை" அலுவல் மொழி அல்ல என்று இன்னொருவர்.
எட்டாத கயிற்றுக்கு அலுவல் மொழியில் என்ன சொல்?
மூன்று நாளாகத் தேடுகிறேன்.
திருத்தம் சொல்ல இன்னும் நான்கு நாள் இருக்கிறது.

இதற்கிடையில் ஆலையிலிருந்து ஒரு வவுச்சர்.
நைலான் கயிறு, முந்நூறு அடி,
ரூபாய் தொள்ளாயிரம்.
வகை என்ற இடத்தில் ஒன்றும் எழுதவில்லை.

கையெழுத்துப் போட்டேன்.