ஏழாம் எண் தூண்

வட்டவடை தாண்டி
கேரட் வயல் முடிகிற இடத்தில்
புல்மேட்டுக்கு ஏறும் தடம்.
போன தை வரை நாற்பது நிமிடம்,
மூச்சு வாங்கினால் ஐம்பது.

இப்போது இரும்புக் கதவு.
ரிசார்ட் மேலேயும் ஏறிவிட்டது.
நாங்கள் கூடாரம் அடிக்கும் பாறையில்
ரோப் கார் தூண், எண் ஏழு,
இங்கிருந்தே தெரிகிறது நீலப் பெயின்ட்.

"டே பாஸ் எண்ணூறு, சேட்டா.
பிரேக்ஃபாஸ்ட் உண்டு."
பசிக்கவில்லை என்றேன்.
பினீஷ் சிரிக்கவில்லை.
ரோடு வழி இருபத்திரண்டு கிலோமீட்டர்,
அங்கேயும் இவர்கள் கதவுதான்.

திரும்பப் போனவனைக் கூப்பிட்டான்.
கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றி
மேட்டுக் கேமராவைப் போனில் திறந்தான்:
புல் முழுக்க உறைபனி,
ஒரு காலடி இல்லை.
"இன்னு நல்லோணம் உண்டு."

தலையோடு தலை முட்ட
இரண்டு பேரும் பார்த்தோம்.
திரை அணைந்தது.
மறுபடி தொட்டான்.