பல் தடம்

பொங்கோலில் பதினான்காம் மாடி.
கட்டிலை விற்ற ஹுய் லிங்
நாற்பது வெள்ளி என்றாள்.
ஒரு திருகாணி குறையும் என்றாள்.
என் வயிற்றைப் பார்த்துவிட்டு
ஐந்து வெள்ளி குறைத்தாள்.

எல்ஆர்டியில்
பிரித்த சட்டங்களைக் கட்டிக்கொண்டு
நின்றே வந்தான் நவநீதன்.
எனக்கு எழுந்து இடம் விட்ட பையன்
கைப்பேசியிலிருந்து கண்ணெடுக்கவே இல்லை.

வளைகாப்புக்கு முன்
ஒரு துணிகூட வாங்கக் கூடாது, அம்மா கட்டளை.
போர் வந்தால் ஒளிய
வீட்டுக்குள்ளேயே கட்டித் தந்திருக்கும் பதுங்கறையில்,
அரிசி மூட்டைக்கும் பழைய மின்விசிறிக்கும் நடுவே
கட்டிலை ஒளித்தோம்.
அந்தத் தடித்த சுவர்கள்
முதன்முதலாய் ஒரு தாக்குதலைத் தடுத்தன:
ஞாயிற்றுக்கிழமை வந்த அம்மா
கதவைத் திறக்கவில்லை.

இரவு, விளக்கைப் போட்டுப் பார்த்தால்
மேல்சட்டம் முழுக்கச் சின்னச் சின்னக் குழிகள்.
யாரோ நின்றுகொண்டு
மரத்தைக் கடித்திருக்கிறார்கள்,
பொறுமையாக, பல நாள்.

உப்புத்தாளோடு வந்தான் நவநீதன்.
வேண்டாம் என்றேன்.
ஏன் என்று கேட்டான்.
சொல்லத் தெரியவில்லை.

போன வாரம் ஸ்கேனில்
விரல்களை எண்ணிச் சொன்னார்கள்,
முதுகெலும்பைக் காட்டினார்கள்.
பற்களைப் பற்றிப் பேச்சே இல்லை.
ஈறுக்குள் இப்போதே முளைவிட்டிருக்குமாம்,
எங்கோ படித்தேன்.

குழிகளில் விரல் வைத்திருந்தபோதுதான் அது:
மின்தூக்கி நிற்கும்போது
வயிறு மட்டும் ஒரு கணம் பின்தங்குமே,
அப்படி.
நான் நின்ற இடத்திலேயே நின்றிருந்தேன்.

"என்ன?" என்றான்.
"இரு" என்றேன்.

இருந்தான்.
மறுபடி வரவில்லை.
கொஞ்ச நேரம் கழித்து
குறைகிற திருகாணியின் அளவை
உப்புத்தாளின் பின்புறம்
எழுதிக்கொண்டான்.